சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளி பட்ஜெட்டில் ஏற்றுவது எப்படி? டர்பன் தமிழ்ப் பெற்றோருக்கும் இளைஞருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

செப்டம்பர் முதல் வாரம் தென்னாப்பிரிக்காவில் மரம் நடும் வாரம். டர்பன் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் அந்த வாரம் குழி தோண்டுவார்கள், கன்று வைப்பார்கள், பிள்ளைகள் பாட்டுப் பாடுவார்கள். டிசம்பர் விடுமுறையில் அந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று மட்டும் எந்தக் காகிதத்திலும் இருக்காது. சுற்றுச்சூழல் மன்றமும் அப்படித்தான். அக்கறையுள்ள ஒரு டீச்சர் இருக்கிறவரை நடக்கும். அவருக்கு வேறு பள்ளியில் வேலை கிடைத்துப் போய்விட்டால் மன்றமும் அவரோடு போய்விடும்.

அக்கறைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. எழுதி வைத்த தீர்மானம், அதற்கென்று ஒதுக்கிய பணம், அதைச் செய்து முடிக்கவேண்டிய பொறுப்பாளர், இவைதான் இல்லை. இந்த மூன்றும் ஒரே தாளில் சேரும்போது, யார் வந்தாலும் போனாலும் வேலை ஆண்டுதோறும் நடக்கும். பொதுக்கொள்கை பிரிட்டோரியாவில் மட்டும் உருவாவதில்லை. உங்கள் பிள்ளையின் பள்ளி ஹாலில் நடக்கும் பெற்றோர் கூட்டத்திலும் உருவாகிறது. அங்கிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இது சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், வெருலம், டோங்காட் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோருக்கும், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும், கோயில் கமிட்டியில் இருப்பவர்களுக்கும், ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கும் எழுதியது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருப்பவர்கள் மாநகராட்சி, மாகாணப் பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும். தேசியச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

சட்டம் ஏற்கெனவே உங்கள் பக்கம்

கூட்டத்தில் எழுந்து பேசும்போது கெஞ்சிக் கேட்கிற தொனி வேண்டாம். நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு, உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் தீங்கு செய்யாத சுற்றுச்சூழல் எல்லோருக்கும் உரிமை என்கிறது. இப்போதிருக்கும் தலைமுறைக்கும் வரப்போகும் தலைமுறைகளுக்கும் அதைக் காக்கவேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. 28ஆம் பிரிவு, குழந்தையைப் பற்றிய எந்த விஷயத்திலும் குழந்தையின் நலனே முதன்மை என்கிறது. 29ஆம் பிரிவு அடிப்படைக் கல்வி உரிமை. நிதி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளிப்போட முடியாது, உடனடியாக நிறைவேறவேண்டிய உரிமை அது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2011இல் சொன்னது. அந்த வழக்கு நம் டர்பனின் ஜும்மா மஸ்ஜித் தொடக்கப் பள்ளியைப் பற்றியது.

1998ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம் (107ஆம் எண்) இன்னும் நேராகப் பேசுகிறது. சமூகத்தின் நலனையும் ஆற்றலையும் சுற்றுச்சூழல் கல்வி வழியாக வளர்க்கவேண்டும் என்பது அதன் 2ஆம் பிரிவில் உள்ள கொள்கைகளில் ஒன்று. பெண்களும் இளைஞர்களும் முழுமையாகப் பங்கேற்க வழிசெய்யவேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. அதற்கும் முன்பே, 1995 கல்வி வெள்ளை அறிக்கை, கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழல் கல்வி இன்றியமையாத பகுதியாக இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறது. 2012 முதல் நடைமுறைக்கு வந்த கேப்ஸ் என்ற தேசியப் பாடத்திட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் சுற்றுச்சூழல் நீதியும் ஒன்று.

ஆக, மேலே எழுதவேண்டியதை எழுதிவிட்டார்கள். அது வகுப்பறை வரை இறங்கவில்லை. நம் வேலை அதை இறக்குவது.

முதல் படி: இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்

பெரிய சர்வே வேண்டாம். மூன்று விஷயங்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

பாடம்: ஆறாம் கிரேடு இயற்கை அறிவியலில் சதுப்புநிலமும் நீர் சுத்திகரிப்பும் வருகின்றன. பதினோராம் கிரேடு உயிரியலில் மனிதர் சுற்றுச்சூழலுக்குச் செய்யும் பாதிப்பு வருகிறது. அதே கிரேடு புவியியலில் வளங்களும் நீடித்த பயன்பாடும். லைஃப் ஓரியண்டேஷனில் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு என்று ஒரு தலைப்பே இருக்கிறது. இவற்றை உங்கள் பள்ளியில் எந்தப் பருவத்தில் எடுக்கிறார்கள், வகுப்பை விட்டு வெளியே போய் எடுக்கிறார்களா என்று ஆசிரியர்களிடம் கேளுங்கள். குறை கண்டுபிடிக்கும் தொனியில் கேட்டால் கதவு மூடிக்கொள்ளும். அவர்கள் ஆண்டுக் கற்பித்தல் திட்டத்தின் நெருக்கடியில் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிறவர்கள்.

பணம்: பள்ளி பட்ஜெட்டில் வெளிப்பயணம், தோட்டம், குப்பை மேலாண்மை என்று செலவுக்கென ஏதாவது ஒரு வரி எழுதியிருக்கிறதா? நிதிப் பதிவுகளைப் பார்க்கக் கேட்டால் காட்டவேண்டும் என்று 1996 தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் 43ஆம் பிரிவு சொல்கிறது.

இடம்: பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் என்ன இருக்கிறது? சாட்ஸ்வர்த்தின் வடக்கு ஓரம் உம்ஹ்லாதுசானா ஆறு, தெற்கு ஓரம் உம்லாஸ். பக்கத்திலேயே சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகமும் அதன் மூலிகைத் தாவர நாற்றங்காலும் இருக்கின்றன. ரிசர்வாய்ர் ஹில்ஸ் பிள்ளைகளுக்கு பால்மியட் ஆறு. வெருலம் பக்கம் பஃபெல்ஸ்டிராய் குப்பைமேட்டைச் சுற்றி மாநகராட்சி 2008 முதல் காடு வளர்க்கிறது. ஃபீனிக்ஸ் பிள்ளைகளுக்கு அருகிலேயே கார்னூபியா. அங்கே 2021 ஜூலையில் வேளாண் ரசாயனக் கிடங்கு ஒன்று எரிந்து, நச்சு நீர் ஓடை வழியாக ஒஹ்லாங்கா கழிமுகத்தில் கலந்து, கடற்கரைகளை மூடவேண்டி வந்தது. கிளிமஞ்சாரோவின் பனி உருகுவதைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் பிள்ளைக்குத் தன் வீட்டுப் பின்னால் ஓடும் ஓடையின் பெயர் தெரியாமல் இருக்கக்கூடாது.

இரண்டாம் படி: கோரிக்கையை ஒரு பக்கத்துக்குச் சுருக்குங்கள்

“மாணவர்களிடையே சுற்றுச்சூழல் விழிப்புணர்வை மேம்படுத்தவேண்டும்” என்று எழுதிக்கொடுத்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள். யாரும் எதுவும் செய்யவேண்டியிருக்காது. மறுக்கவே முடியாதபடி எழுதிய கோரிக்கையை நிறைவேற்றவும் முடியாது.

இப்படி எழுதிப் பாருங்கள்: “ஆறாம் கிரேடு (ஹைஸ்கூலாக இருந்தால் பதினோராம் கிரேடு) மாணவர்கள் எல்லோரும் ஆண்டுக்கு இரண்டு முறை உம்ஹ்லாதுசானா ஆற்றில் நீர்த்தரப் பரிசோதனை செய்யவேண்டும். அறிவியல் துறைத் தலைவர் பொறுப்பு. பேருந்து, கையுறை, பூட்ஸ், வலை ஆகியவற்றுக்கு இணைத்துள்ள மூன்று விலைப்புள்ளிகளில் குறைந்ததை ஏற்று, பட்ஜெட்டில் தனி வரியாக ஒதுக்கவேண்டும். முடிவுகளை நவம்பர் பெற்றோர் கூட்டத்தில் மாணவர்களே வாசிக்கவேண்டும்.”

இதில் யார், எங்கே, எத்தனை முறை, எவ்வளவு பணம், எப்படிச் சரிபார்ப்பது எல்லாம் இருக்கிறது. பொறுப்பை ஆளின் பெயருக்கு எழுதாமல் பதவிக்கு எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ஆள் மாறினாலும் பதவி இருக்கும்.

ஒரு கோரிக்கைதான். சோலார், குப்பைத் தொட்டி, காய்கறித் தோட்டம், பிளாஸ்டிக் தடை என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் அடுக்கினால், இருப்பதிலேயே சுலபமானதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள்.

மூன்றாம் படி: கவர்னிங் பாடி

பள்ளியை நிர்வகிக்கத் தேர்ந்தெடுக்கப்படும் குழுதான் கவர்னிங் பாடி. இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். நம் சமூகம் பள்ளிகளைப் பிச்சையாகப் பெறவில்லை. அரசு இந்தியப் பிள்ளைகளுக்குப் போதுமான பள்ளி கட்டாத காலத்தில் கரும்புத்தோட்டக் குடும்பங்களும் காய்கறி வியாபாரிகளும் காசு சேர்த்து அரசு உதவி பெறும் பள்ளிகளைக் கட்டினார்கள். அந்தப் பேரப்பிள்ளைகள் இன்று கவர்னிங் பாடி தேர்தலுக்கு வாக்களிக்கப் போவதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தேர்தல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாடு முழுவதும் நடக்கிறது. 2021இல் நடந்தது, 2024இல் நடந்தது. வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்கவேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு நிற்க முடியாவிட்டாலும் வழி உண்டு. குழு தன் உதவிக்கு வெளியாட்களை வாக்குரிமை இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். துணைக்குழு அமைத்து, அதில் நிபுணத்துவம் உள்ள பொதுமக்களை நியமிக்கலாம். தலைவர் மட்டும் கவர்னிங் பாடி உறுப்பினராக இருக்கவேண்டும். பள்ளிகள் சட்டத்தின் 30ஆம் பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை, மாநகராட்சித் தண்ணீர்த் துறையில் வேலை பார்த்த மாமா, கல்லூரியில் சுற்றுச்சூழல் படிக்கும் அக்கா மகள், இப்படி ஒவ்வொரு தெருவிலும் ஆள் இருக்கிறது.

பள்ளியின் நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அடுத்த ஆண்டு பட்ஜெட்டைப் பெற்றோர் பொதுக்கூட்டத்தில் பெரும்பான்மை வாக்கால் ஏற்கவேண்டும். அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். கூட்டத்துக்கு 14 நாள் முன்பிருந்தே பட்ஜெட்டைப் பள்ளியில் பார்வைக்கு வைக்கவேண்டும். இவை அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு. பெரும்பாலான பள்ளிகள் இதை ஆண்டுக் கடைசியில் நடத்துகின்றன. கூட்டத்தன்று கை தூக்கிக் கேட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். ஆகஸ்டிலேயே தாளைப் பிரின்சிபாலிடமும் பொருளாளரிடமும் கொடுத்துவிடுங்கள். பட்ஜெட் வரைவில் அந்த வரி ஏறிவிட்டால் கூட்டத்தில் அதை எதிர்க்கிறவர்தான் காரணம் சொல்லவேண்டும்.

எதிர்ப்பு வரும். “எங்க பிள்ளைங்க மார்க் எடுக்கணும், ஆத்துல போய் நின்னுகிட்டு இருந்தா எப்படி அண்ணா?” என்று ஒரு அக்கா கேட்பார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில்: ஆற்றுப் பரிசோதனையைத் தனி வேலையாக வைக்காமல், ஏற்கெனவே செய்யவேண்டிய பள்ளிசார் மதிப்பீட்டுப் பணிகளில் ஒன்றாக ஆக்குங்கள். அறிவியல் புராஜெக்ட் எப்படியும் எழுதத்தான் போகிறார்கள். அதை நெட்டிலிருந்து நகலெடுத்து எழுதுவதற்குப் பதில் ஆற்றிலிருந்து எழுதட்டும். மார்க்கும் வரும், பாடமும் ஏறும்.

ஆசிரியர்களுக்கும் இதில் ஏதாவது இருக்கவேண்டும். அவர்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் 150 தொழில்முறை வளர்ச்சிப் புள்ளிகள் சேர்க்கவேண்டும் என்று ஆசிரியர் மன்றமான சேஸ் எதிர்பார்க்கிறது. நீங்கள் ஏற்பாடு செய்யும் பயிற்சி சேஸ் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் சனிக்கிழமை வரச் சொல்வது சுமையாகத் தெரியாது. காலநிலை, பல்லுயிர்ப் பாடங்களை எடுக்கத் தடுமாறும் ஆசிரியர்களுக்கென்றே ஃபண்டீசா ஃபார் சேஞ்ச் என்ற பயிற்சித் திட்டம் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

வெஸ்ஸா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 2003 முதல் நடத்தும் ஈக்கோ ஸ்கூல்ஸ் திட்டத்தில் சேரலாமா என்று கேட்பார்கள். சேரலாம். மாணவர் குழு, ஆய்வு, செயல்திட்டம், கண்காணிப்பு என்று ஒழுங்கான படிகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தரும் கொடியை வாங்கி ஏற்றிவிட்டால் கொள்கை வந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். அந்தத் திட்டத்தில் பள்ளி தொடர்ந்து இருக்கும் என்பதைத் தீர்மானமாக எழுதி, கட்டணத்தைப் பட்ஜெட்டில் வையுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். நன்கொடை விதி எழுதுங்கள். புகைபோக்கி வைத்திருக்கும் கம்பெனி, பள்ளிக்குக் கம்ப்யூட்டரும் சுற்றுச்சூழல் போட்டிக்குப் பரிசும் கொடுக்க முன்வரும். வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நம் பகுதிப் பள்ளிகள் பல கட்டணம் வசூலிக்கும் பிரிவில் இருக்கின்றன. ஆனால் கட்டமுடியாத பெற்றோர் ஏராளம். பணம் தேவைதான். பாடப்பொருளில் நன்கொடையாளர் தலையிடக்கூடாது, எவ்வளவு வாங்கினோம் என்பது பெற்றோர் கூட்டத்தில் சொல்லப்படவேண்டும் என்ற இரண்டு வரியாவது தீர்மானத்தில் இருக்கட்டும்.

நான்காம் படி: பிள்ளைகள் சேர்க்கும் தகவலைக் கொள்கைக்கான ஆதாரமாக்குங்கள்

மெரிபேங்கின் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியை டர்பனில் தெரியாதவர்கள் இருக்கக்கூடாது. இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே இருந்த பள்ளி. 2000களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே பிள்ளைகளைப் பரிசோதித்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆஸ்துமா இருப்பது தெரிந்தது. அதுவரை “எங்கள் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குகிறது” என்று தாய்மார்கள் சொன்னது புகாராக மட்டும் இருந்தது. ஆய்வுக்குப் பிறகு அது ஆதாரமானது. தெற்கு டர்பனுக்கென்று காற்றுத் தரத் திட்டமும் கண்காணிப்பும் வந்ததில் அந்தப் பகுதி மக்களின் போராட்டத்துக்கும் இந்த ஆதாரத்துக்கும் பங்கு உண்டு. தெற்கு டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பின் டெஸ்மண்ட் டிசா 2014இல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் பரிசு பெற்றதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நச்சுக்கழிவு கொட்டிய இடம் ஒன்றை மூடவைத்த போராட்டத்துக்காகக் கிடைத்த பரிசு அது.

ஆற்றுக்கு மினிசாஸ் என்ற முறை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலேயே உருவானது, விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு பூதக்கண்ணாடி போதும். கல்லைப் புரட்டி, வலையில் விழும் சிறு உயிர்களை 13 வகைகளாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு மதிப்பெண். அழுக்கைத் தாங்கும் புழுவுக்கும் அட்டைக்கும் 2. நண்டுக்கும் தட்டானுக்கும் 6. சுத்தமான தண்ணீரில் மட்டும் வாழும் ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சிக்கு 17. கிடைத்த வகைகளின் மதிப்பெண்ணைக் கூட்டி, வகைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆற்றின் நிலை தெரிந்துவிடும். ஆறாம் கிரேடு கணக்குதான். முடிவை மினிசாஸ் இணையதளத்தில் ஏற்றலாம்.

பாதுகாப்பில் மட்டும் சமரசம் வேண்டாம். நம் கரையோர ஆறுகளில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் தொற்றும் ஆபத்து உண்டு. கழிவுநீர் கலப்பதும் உண்டு. பூட்ஸ், கையுறை, திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், பெற்றோரின் எழுத்து அனுமதி, மழை பெய்த மறுநாள் ஆற்றுப்பக்கமே போகாமை. இவற்றை எல்லாம் தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

2022 ஏப்ரலில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கும் மேல் மழை கொட்டி, இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காலநிலை மாற்றம் அப்படிப்பட்ட மழைக்கான வாய்ப்பை ஏறக்குறைய இரு மடங்காக்கியிருக்கிறது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அன்று தண்ணீரில் மிதந்த வீடுகளைப் பார்த்த பிள்ளைகள் இப்போது ஹைஸ்கூலில் இருக்கிறார்கள். அவர்களிடம் காலநிலையைப் பாடமாக ஒப்பிக்கச் சொல்வதைவிட, தங்கள் தெருவில் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எந்தச் சாக்கடை அடைத்திருந்தது, எந்த வீடுகள் ஓடைக்கரையில் இருக்கின்றன என்று வரைபடம் வரையச் சொல்லலாம். 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருக்கெடுத்து ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டக் குடும்பங்களை அடித்துக்கொண்டு போனபோது, மாரிமுத்து படவட்டனும் அவருடன் ஐந்து மீனவர்களும் படகில் போய் 176 பேரைக் காப்பாற்றினார்கள். நம்முடைய அந்த வரலாறும் அதே வரைபடத்தில் ஏறட்டும். அப்படி ஒரு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்சிலரைப் பார்க்கப் போகும் பதினாறு வயதுப் பிள்ளையை யாரும் லேசாகத் திருப்பி அனுப்ப முடியாது.

ஐந்தாம் படி: மாநகராட்சியிடம் சரியான கதவைத் தட்டுங்கள்

பல மனுக்கள் தவறான அலுவலகத்துக்குப் போய்த்தான் சாகின்றன. பள்ளியும் பாடமும் தேசிய, மாகாண அரசுகளின் அதிகாரம். டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி மாநகராட்சியிடம் பாடத்தை மாற்றச் சொல்லிப் பயனில்லை. ஆனால் மழைநீர் வடிகால், காற்று மாசு, குப்பை, பூங்கா எல்லாம் மாநகராட்சியிடம் இருக்கின்றன. அங்கே கேட்கவேண்டியது: பள்ளிக் குழுக்களுக்கு இயற்கைக் காப்பகங்களில் வழிகாட்டி, அங்கே போய்வரப் பேருந்து, ஆற்று நீர் பரிசோதனை முடிவுகளைப் பள்ளிகளுடன் பகிர்வது, லைப்ரரியில் சனிக்கிழமை வகுப்புக்கு இடம்.

மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை முதல் ஜூன் வரை. வரைவு பட்ஜெட்டும் ஐடிபி என்று எல்லோரும் சொல்லும் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டமும் மார்ச் இறுதிக்குள் வெளிவரும். மே இறுதிக்குள் முடிவாகிவிடும். ஏப்ரலில் மக்கள் கருத்துக் கூட்டங்கள் நடக்கும். அங்கே பேசுவது நல்லது. எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குவது அதைவிட நல்லது. அதற்கும் முன்னால், முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே வார்டு கமிட்டியில் பேசி வைத்தால் வரைவிலேயே இடம்பெற வாய்ப்பு அதிகம். 111 வார்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் வரை கமிட்டி. உங்கள் வார்டு எண்ணும் கவுன்சிலர் பெயரும் தெரியாவிட்டால் இன்றே தெரிந்துகொள்ளுங்கள். ஐந்தாண்டுத் திட்டம் உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு புதிதாக எழுதப்படும். அந்த முதல் வருடத்தில் நுழைந்த விஷயத்துக்கு ஆயுள் அதிகம்.

2024இல் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட காலநிலை மாற்றச் சட்டம் (22ஆம் எண்) நமக்குப் புதிய பிடி கொடுத்திருக்கிறது. மாநகராட்சிகள் தங்கள் பகுதியின் காலநிலைப் பாதிப்பை மதிப்பிட்டு, செயல்திட்டம் எழுதி, அதை ஐடிபியில் சேர்க்கவேண்டும் என்கிறது அது. பல பிரிவுகள் 2025 மார்ச் 17 முதல் நடைமுறைக்கு வந்தன. எல்லாம் ஒரே நாளில் வரவில்லை. அதனால் மனுவில் ஒரு பிரிவைச் சுட்டுமுன் அது நடைமுறையில் இருக்கிறதா என்று அரசிதழில் பார்த்துக்கொள்ளுங்கள். 2011இல் உலகக் காலநிலை மாநாட்டை நடத்திய ஊர் இது. காலநிலைச் செயல்திட்டமும் 2019இலேயே எழுதியாகிவிட்டது. அதில் பள்ளிகளுக்கு என்ன வேலை, எவ்வளவு பணம் என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஆறாம் படி: மாகாணமும் தேசமும்

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு பள்ளியாகப் போனால் குரல் எழும்பாது. நாலைந்து பள்ளி கவர்னிங் பாடிகள் ஒரே தீர்மானத்தை நிறைவேற்றிய பிறகு போங்கள். முதலில் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பாட ஆலோசகர். சாட்ஸ்வர்த்துக்கு உம்லாஸி மாவட்டம், ஃபீனிக்ஸுக்கு பைன்டவுன் மாவட்டம். ஆற்றுப் பரிசோதனை மதிப்பீட்டுப் பணியாக ஏற்கத்தக்கது என்று அவர் ஒரு கடிதம் கொடுத்தால் மற்றப் பள்ளிகளும் தயங்காமல் சேரும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள மாகாண சட்டமன்றத்துக்கும் கேப் டவுனில் உள்ள நாடாளுமன்றக் கல்விக் குழுவுக்கும் மனு கொடுக்கலாம். புதிய சட்ட வரைவுகள் கருத்துக் கேட்புக்கு வரும்போது எழுதுங்கள். மக்களைச் சரியாகக் கலக்காமல் நிறைவேற்றிய சட்டங்கள் செல்லாது என்று 2006இலேயே அரசியலமைப்பு நீதிமன்றம் டாக்டர்ஸ் ஃபார் லைஃப் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதனால் உங்கள் கடிதத்தைக் குப்பையில் போடுவது அவர்களுக்கும் ஆபத்து.

இளைஞர்களைப் பேச்சாளராக அல்ல, பங்காளியாக அழையுங்கள்

கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு மாணவியை மேடையேற்றிக் கவிதை வாசிக்கச் சொல்வதை இளைஞர் பங்கேற்பு என்று கணக்கில் எழுதவேண்டாம். எட்டாம் கிரேடு முதல் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பிரதிநிதிக் குழு இருக்கவேண்டும் என்பது பள்ளிகள் சட்டத்தின் 11ஆம் பிரிவு. அங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் கவர்னிங் பாடியின் முழு உறுப்பினர்கள். பள்ளிக்குப் பணப்பொறுப்பை உண்டாக்கும் தீர்மானங்களில் மட்டும் பதினெட்டு வயது ஆகாதவர்கள் வாக்களிக்க முடியாது. அதனால் கோரிக்கையைத் தயாரிப்பது பிள்ளைகள், பண வாக்கெடுப்பில் அதைத் தூக்கிப் பிடிப்பது ஒரு பெற்றோர் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களால் என்ன முடியும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு 2024 டிசம்பர் தீர்ப்பைச் சொல்லுங்கள். இளைஞர்கள் நடத்தும் ஆப்பிரிக்கன் கிளைமேட் அலையன்ஸ் மற்ற இரண்டு அமைப்புகளுடன் வழக்குப் போட்டது. புதிதாக 1,500 மெகாவாட் நிலக்கரி மின்சாரம் சேர்க்கும் அரசு முடிவை பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

குழுவில் ஜூலு பேசும் பிள்ளைகளும் இருக்கவேண்டும். ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரே ஆற்றின் இரண்டு கரைகளில் வசிக்கிறார்கள். 2022 வெள்ளத்தில் ஆற்றோரக் குடிசைப் பகுதிகள்தான் மிக மோசமாக அடிபட்டன. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததைக் கேட்காமல் எழுதும் திட்டம் அரைத் திட்டம்தான். அறிக்கையை ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதுங்கள். தமிழ்ப் பள்ளிக்கு ஒரு பிரதி தமிழில்.

தமிழ்ப் பள்ளியும் கோயிலும்

இவை அரசு நிறுவனங்கள் இல்லை. ஆனால் இங்கேயும் தீர்மானம், பணம், பொறுப்பு என்ற மூன்றும் செல்லும். அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடும் மொழிகளில் தமிழும் ஒன்று. 2014 முதல் பள்ளிகளில் இரண்டாம் கூடுதல் மொழியாக எடுக்கவும் வழி இருக்கிறது. தமிழ் வகுப்பில் அம்மா, ஆடு, இலை தாண்டியதும், இந்த மண்ணின் மரங்களையும் பறவைகளையும் பற்றிப் பிள்ளை தமிழில் நாலு வாக்கியம் எழுதட்டும். ஊரில் இல்லாத மாமரத்தைப் பற்றி எழுதுகிறோமே என்ற கவலை டர்பனில் வேண்டாம், அது வீட்டுக்கு வீடு நிற்கிறது.

கோயில் கமிட்டிக்கு ஒரு வேண்டுகோள். ஆற்றிலும் கடற்கரையிலும் பூஜை முடித்து வாழையிலை, தேங்காய், துணி, பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருவது நம் பெயருக்கு அழகில்லை. உம்கேனி கழிமுகத்தில் உள்ள ப்ளூ லகூன் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரியவர்களைத் திட்டுவதால் இது மாறாது. பூஜை செய்யும் குடும்பம் எதைத் தண்ணீரில் விடலாம், எதைத் திரும்பக் கொண்டுவரவேண்டும் என்று கமிட்டி ஒரு விதி எழுதி, ரசீது கொடுக்கும்போதே கையில் கொடுக்கட்டும். ஆடிக் கூழுக்கும் காவடிக்கும் ஸ்டைரோஃபோம் தட்டு வேண்டாம் என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போடட்டும். கண்காணிக்கும் பொறுப்பை இளைஞர் அணிக்குக் கொடுங்கள். கொள்கை எழுதுவதை அவர்கள் முதன்முதலாகப் பழகும் இடம் கோயிலாகவே இருக்கலாம்.

பதில் வராவிட்டால்

வராது, பல முறை. மனம் தளரவேண்டாம், வரிசையாகப் போங்கள். முதலில் நினைவூட்டல் கடிதம். பிறகு 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம், இங்கே எல்லோரும் பாயா என்று சொல்வது. அதன் படி விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தரவேண்டும். தராவிட்டால் முதலில் அந்த அரசு அமைப்பிடமே உள் மேல்முறையீடு செய்து, அதற்கும் பலன் இல்லாவிட்டால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். “எங்கள் வார்டில் கடந்த ஆண்டு சுற்றுச்சூழல் கல்விக்கு எவ்வளவு செலவானது, எந்தப் பள்ளிகளில்?” என்ற ஒரே கேள்வி போதும். பதில் பூஜ்யமாக இருந்தால் அதுவே அடுத்த மனுவின் முதல் வரி.

நீதிமன்றம் கடைசி வழி. பொதுநலனுக்காக வழக்குப் போட அரசியலமைப்பின் 38ஆம் பிரிவு இடம் தருகிறது. லீகல் ரிசோர்சஸ் சென்டர், சென்டர் ஃபார் என்விரான்மென்டல் ரைட்ஸ் போன்ற அமைப்புகளிடம் ஆலோசனை கேட்கலாம். ஆனால் முத்திரை வாங்கிய கடிதங்களும் தேதி போட்ட தீர்மானங்களும் கையில் இல்லாமல் அவர்களிடம் போனால் அவர்களாலும் ஒன்றும் செய்யமுடியாது. அதனால் ஒரு ஃபைல் போட்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

வென்ற பிறகு

பட்ஜெட்டில் வரி ஏறிய அன்றைக்கு வேலை பாதிதான் முடிந்திருக்கும். ஒதுக்கிய பணம் செலவாகாமல் கிடந்து, அடுத்த ஆண்டு “தேவையில்லை போலிருக்கிறது” என்று நீக்கப்படுவது சாதாரணமாக நடக்கிறது. முதல் பருவத்திலேயே பேருந்துக்குத் தேதி போடுங்கள். ஒவ்வொரு பருவ முடிவிலும் செலவு விவரத்தைத் துணைக்குழுவில் கேளுங்கள். அப்புறம், தணிக்கை செய்த கணக்கை நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், அதாவது ஜூன் இறுதிக்குள், பள்ளி கல்வித் துறைக்கு அனுப்பியிருக்கவேண்டும். ஜூலையில் பள்ளி அலுவலகத்துக்குப் போய் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாணவர் பிரதிநிதி ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த வரியைப் படிக்கவேண்டும், எதை எதோடு ஒப்பிடவேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.